ஏழாவது கல்

மாவட்ட அலுவலக வரைபடத்தில்
அந்தப் பாதை ஒரு புள்ளிக்கோடு.
கில்லாவரா ஆற்றங்கரையில் நின்று
அக்கரையில் மறுபடி தொடங்கும்.
நடுவில் நீலம்.
நீலத்துக்குள் பதினான்கு கற்கள் கிடப்பதை
எந்த வரைபடமும் சொன்னதில்லை.

நான் சுருக்கெழுத்துக்காரன்.
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
பள்ளிக்கூடத்தில், குழந்தைகளின் நாற்காலியில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

கார்மாக் டெவானி புதிதாய் வாங்கிய மேய்ச்சல் நிலத்தில்
இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்.
வழி ஊருடையதா, அவருடையதா?
ஊருடையது என்றால்
ஊர் நடந்திருக்க வேண்டும்:
அனுமதி கேட்காமல்,
பூட்டை உடைக்காமல்,
ஒளியாமல்.

திருப்பலிக்குத் தடையிருந்த நூற்றாண்டில்
இவ்வழியேதான் போனார்கள் என்றார் ஒருவர்.
யார் பார்த்தது என்றார் வழக்கறிஞர்.
பஞ்சத்தில் கூலிக்காகப் போட்ட சாலையை
இன்னொருவர் இழுத்தார்.
அது சதுப்புக்கு நடுவே
பாதி வாக்கியம்போல் நின்றுவிடுகிறது.
எங்கும் போகாத சாலை
எதற்குச் சாட்சி?
சவப்பெட்டியை இறக்கித் தோள் மாற்றிய
முள்மரத்தடிக் கற்குவியல் என்றார்கள்.
மாடு உரசிச் சரிந்த சுவர் என்றார் டெவானி.

அப்புறம் அட்ராக்டா டான்ஸி எழுந்தாள்.
அறுபத்தெட்டு வயது.
தபால் முத்திரை குத்தித் தடித்த வலது கை.

"இருபத்திரண்டு வருஷம் நடந்தேன்."
எப்போது?
"ராத்திரியில்."
எங்கே?
"அக்கரைக்கு. மலாக்கி கில்ஹூலி வீட்டுக்கு."

என் பென்சில் நின்றது.
மலாக்கி மண்ணுக்குள் போய் மூன்று வருஷம்.
அவர் மனைவி பிரிந்து டப்ளினில் இருந்தாள்.
மணமுறிவுக்குச் சட்டமில்லாத நாடாக இருந்தது இது,
அப்போது.

"முதல் ஆறும் நல்ல கல்.
ஏழாவது ஆடும்.
வலது காலை வைத்தால் ஊருக்கே சொல்லிவிடும்.
இடது காலை வைத்தால் பேசாது.
விளக்கு கொண்டுபோனதில்லை.
பாதம் பார்த்துக்கொள்ளும்."

வழக்கறிஞர் மெதுவாகத்தான் கேட்டார்:
அப்படியானால் ஒளிந்து நடந்தீர்கள்?
"ஆமாம்."
ஒளிந்து நடந்த நடை கணக்கில் வராது, அம்மா.

இருபத்திரண்டு வருஷத்தின் மேல்
நானும் ஒரு கோடு போட்டேன்.

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.
டெஸி மகர்ல், பால் லாரி ஓட்டுபவன்:
"எந்தக் காலை வைத்தாலும் அது பேசும், அட்ராக்டா."

அவள் திரும்பவில்லை.

"கல் ஆடினால் மணி பத்தரை.
நாயை உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம்" என்றாள்
அவன் பக்கத்திலிருந்த ஒருத்தி.
எங்கள் வீட்டிலும் என்றது இன்னொரு குரல்.

"வெள்ளம் வந்த வருஷம் ஏழாவது கல் புரண்டது.
நானும் அண்ணனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று
தூக்கி வைத்தோம்.
ஆடுகிற மாதிரியே வைத்தோம்.
ஆடாமல் வைத்தால்
உனக்குத் தெரிந்துபோகுமே."

அலர் சாட்சியானது.
இருபத்திரண்டு வருஷம்
யார் வாயிலும் பூக்காமல்
வீட்டுக்கு வீடு மூடிவைத்த அலர்.

வழி ஊருடையது என்று தீர்ப்பு.
கதவருகே மரப்படி கட்டித்தர டெவானி ஒப்புக்கொண்டார்.
கை தட்டினார்கள்.
அட்ராக்டா கோட்டின் பொத்தான்களை
கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ப் போட்டாள்.
பிறகு முகம் முகமாகப் பார்த்தாள்,
பாக்கி வைத்திருப்பவர்களைப் பார்ப்பதுபோல்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அந்தப் பாதையில் நடந்தது,
தள்ளுவண்டிக் குழந்தை உட்பட.
அவள் வரவில்லை.
பாலம் சுற்றி மூன்று மைல்
காரில் போய்
மலாக்கியின் கல்லறைக்குப் புல் வெட்டினாளாம்.

நீலத்தில் பதினான்கு புள்ளிகள் சேர்க்க
என்னை அனுப்பினார்கள்.
இருட்டிவிட்டது.
நாடாவும் நோட்டுமாக
ஒவ்வொன்றாய் அளந்து போனேன்.
ஏழாவதில் இடது காலைத்தான் வைத்தேன்.

டொக்.

அக்கரையில் ஒரு கதவு திறந்தது.
யாரோ
நாயை உள்ளே கூப்பிட்டார்கள்.